பெயர் தெரியாத நாற்பது பேர்

இதில் யார் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. ஊரின் பெயரும் வேண்டாம். தர்மபுரிக்கு மேற்கே, ஏரியூர்ப் பக்கம், மலைக்காட்டை ஒட்டிய ஒரு கடைத்தெரு ஊர் என்று வைத்துக்கொண்டால் போதும். ஒரு போலீஸ் ஸ்டேஷன், சின்ன ஆஸ்பத்திரி, மூன்று சாலைகள் கூடுகிற ஒரு முனை. நான் அங்கே இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தேன். என் கணக்குக்கு அது நீண்ட காலம்.

ஏழாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். விட்டேன் என்பதைவிட, ஒரு நாள் போகவில்லை, பிறகு எந்த நாளும் போகவில்லை என்பதுதான் சரி. பெங்களூரில் ஓட்டலில் மாவாட்டினேன். அங்கேதான் கன்னடம் வந்தது. சிக்மகளூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் இரண்டு மழைக்காலம் இருந்தேன். சேலத்தில் லாரி கழுவினேன். சாப்பாடு இல்லாத நாட்கள் உண்டு. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் படுத்த மாதங்கள் உண்டு. எல்லாருக்கும் அப்படித்தான் இருந்தது. எனக்கிருந்த ஒரே கெட்ட பழக்கம், கையில் கிடைக்கிற அச்சடித்த தாளையெல்லாம் படிப்பது. பொட்டலம் பிரித்தால் பொருளைப் பிறகுதான் பார்ப்பேன்.

அறுபதுகளின் நடுவில், மொழிக்காக மாணவர்கள் தெருவுக்கு வந்த காலத்தில், சேலத்தில் ஒரு தடியடியைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால், ஓடுகிறவர்களோடு நானும் ஓடினேன். ஒரு கடைக்காரர் பலகைக் கதவைச் சாத்துமுன் உள்ளே நுழைந்துகொண்டேன். அரை மணி கழித்து வெளியே வந்தபோது தெரு முழுக்க ஒற்றைச் செருப்புகள். ஒரு பையனின் கண்ணாடி, நசுங்கி. மறுநாள் பேப்பரில் தேடினேன். ‘லேசான தடியடி நடத்திக் கூட்டம் கலைக்கப்பட்டது’ என்று ஒரு வரி இருந்தது. அதற்கு முன்பும் அந்தச் சொல்லை நூறு தடவை படித்திருப்பேன். தடியடி என்றால் லேசானது, மழை என்றால் பலத்தது, வரவேற்பு என்றால் சிறப்பானது. பேப்பரில் சொற்கள் அப்படித்தான் ஜோடி ஜோடியாக வரும். அன்றைக்குத்தான் அந்த ‘லேசான’ கண்ணில் உறுத்தியது. உறுத்தியதோடு சரி. மறுநாள் லாரி கழுவப் போய்விட்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில்தான் இந்த ஊருக்கு வந்தேன். நோட்டு, பேனா, ஊதுபத்தி விற்கிற ஒரு கடைக்காரர் பேப்பருக்கு ஏஜெண்டாக இருந்தார். ஏஜெண்டுதான் நிருபரும். விடிகாலை முதல் பஸ்ஸின் கூரையிலிருந்து பண்டலை இறக்குவது, பிரித்து மடிப்பது, சைக்கிளில் போய்ப் போடுவது என் வேலை. சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸில் செய்திக் கவரைக் கொடுத்தனுப்புவதும் நான்தான். டிரைவர் அதை முன்கண்ணாடிக்கு அடியில் செருகிக்கொள்வார். சேலத்தில் பத்திரிகை ஆபீஸ் ஆள் வந்து வாங்கிக்கொள்வான். எங்கள் ஊரில் நடந்ததெல்லாம் அந்தக் கவரில் போய், மறுநாள் பண்டலில் திரும்பி வரும். கவரின் தாள்களைக் குத்திவைக்கக் குண்டூசி வாங்குகிற வழக்கமில்லை. கருவேல முள்தான். கடை வாசலிலேயே வேலி இருந்தது.

ஏஜெண்டு எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே தொழில் ரகசியம் இதுதான்: “பேரு போடுடா. பேரு போட்டாத்தான் பேப்பரு போவும்.”

பள்ளிக்கூட ஆண்டுவிழா என்றால் தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், மாலை போட்டவர், மைக் செட்காரர் வரை பெயர் எழுதுவார். இருபது பெயர் என்றால் இருபது பேப்பர் அதிகமாகப் போகும். ஒவ்வொரு பெயரோடும் அப்பன் பெயரும் ஊர்ப் பெயரும் சேர்ப்பார், இல்லாவிட்டால் அது வேறு ஆள் என்று சொல்லிவிடுவார்களாம். கடைசியில் ‘மற்றும் பலர்’ என்று முடிப்பார். அந்த மற்றும் பலரில் அகப்பட்டுக்கொண்டவர்கள் மறுநாள் கடைக்கு வந்து சண்டை போடுவார்கள்.

“பந்தலுக்குக் கீத்து ஏத்துனது நானு. என் பேரு எங்க? நான் என்ன மற்றும் பலரா?”

“அடுத்த வாட்டி போட்டுர்லாங்க, கோச்சுக்காதீங்க.”

“அடுத்த வாட்டி ஏன் போடற? நான் செத்தப்பறம் போடு. அதுக்காச்சும் பேரு கேப்பியா?”

இப்படித்தான் போகும். பெயர் வருவது ஒரு மரியாதை என்று ஊரே நம்பியது. பெயர் வந்ததால் யாருக்கும் கெடுதல் வந்து நான் பார்த்ததில்லை.

ஸ்டேஷன் செய்தி வேறு மாதிரி. அதற்கு நாங்கள் எங்கேயும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு ஏஜெண்டு ஸ்டேஷனுக்குப் போவார். ரைட்டர், அதாவது ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற போலீஸ்காரர், ரிக்கார்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வருவார். ரைட்டருக்கு நல்ல கையெழுத்து, நல்ல பேச்சு. காலையில் ஒரு பேப்பர் ஸ்டேஷனுக்கு இலவசம். அதை நான்தான் அவர் மேசைமேல் வைத்துவிட்டு வருவேன். “என்னப்பா, உலகத்துல என்ன விசேசம்?” என்று கேட்பார். கெட்ட மனுஷர் என்று சொல்ல எனக்கு அப்போது ஒன்றும் இல்லை.

அந்த வருடம் வானம் பொய்த்து மூன்றாவது வருடம். கிணறுகள் அடியில் வெடித்துக் கிடந்தன. நாலு மைல் தள்ளி ஒரு கிராமம். பாதி வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவக் குடும்பங்கள், பாதி மற்றவர்கள், எல்லாரும் கொல்லைக்காட்டில் கேழ்வரகு போடுகிறவர்கள். அந்த ஊரில் ஊற்று தோண்டிக் கொட்டாங்குச்சியால் மொண்டு குடம் நிறைக்கிற நிலைமை. அவர்கள் ஊருக்குத் துளைபோடுகிற போர் வண்டி ஒருவழியாக வந்தது. கோயில் பக்கத்தில் இரண்டு நாள் நின்றது. பெண்கள் வண்டிக்குப் பொட்டு வைத்தார்கள். பாதிரியார் வந்து ஜெபம் சொன்னார். மூன்றாம் நாள் காலை, வண்டி வேறு ஊருக்குப் போகவேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு. யார் உத்தரவு, ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

வண்டி சாலை வழியாகச் சுற்றி எங்கள் முனைக்கு வருவதற்குள், அவர்கள் காட்டுப்பாதையில் குறுக்கே நடந்து வந்து முனையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஐம்பது அறுபது பேர் இருக்கும். பெரும்பாலும் பெண்கள். ஆளுக்கொரு காலிக் குடம். போர் வண்டி டிரைவர் இறங்கிப் பார்த்தார். “நல்லா உக்காருங்க தாயி. நானும் செத்த கண்ண மூடறன், ரெண்டு நாளா சரியான தூக்கமில்ல” என்று சொல்லி வண்டிக்கு அடியிலேயே துண்டை விரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். கடை வாசலில் நானும் ஏஜெண்டும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் அந்த ஆள் வந்தான். அந்தக் கிராமத்துக்காரன், முப்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, துவைத்துப் பெட்டி போட்டது. கையில் ஒரு காக்கி அட்டை ஃபைல். அவனை எனக்குத் தெரியும். காட்டிலாகாவின் சந்தனக்கட்டை டிப்போவில் அவனுக்கு வாட்ச்மேன் வேலை வந்திருந்தது. மாதச் சம்பள வேலை. அந்த ஊரில் முதல் ஆள். அவன்மேல் கேஸ் எதுவும் இல்லை என்று ஸ்டேஷனில் ஒரு தாள் எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டால் ஒன்றாம் தேதி சேர்ந்துவிடலாம். சந்தனக்கட்டைக்குக் காவல் என்பதால் அந்தத் தாள் இல்லாமல் நடக்காது. அதற்காக ஒரு வாரமாக ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருந்தான். அன்றைக்கும் அதற்குத்தான் வந்தான். வந்த இடத்தில் பார்த்தால், முன்வரிசையில் அவன் மனைவி.

“நீ இங்க என்னா பண்ற? எந்திரி. இன்னிக்கி மட்டும் வேணாம். தாளு வாங்கற நாளு.”

“தாளு வந்தாத் தண்ணி வந்துருமா? நீங்க போங்க. நான் அப்பறம் வர்றன்.”

“சொன்னாக் கேளு.”

பக்கத்தில் இருந்த ஒரு பெண் விடவில்லை. “பாருங்கடி, வாட்ச்மேன் வேலைய இங்கியே ஆரம்பிச்சுட்டாரு. டிப்போவுல கட்டைக்குக் காவலு, இங்க பொண்டாட்டிக்குக் காவலு!”

அவனும் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே குனிந்து அவள் குடத்தை எடுக்கப் போனான். அந்த நேரம்தான் வேன் வந்து நின்றது.

இறங்கிய அதிகாரி ஐந்து நிமிஷம் தருவதாகச் சொன்னார். ஐந்து நிமிஷம் தரவில்லை. நான் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. கடைக்குள் கடிகாரம் மாட்டியிருந்தது. முதல் அடி குடங்கள்மேல் விழுந்தது. மண்குடம் உடைகிற சத்தமும் அலுமினியக் குடம் நசுங்குகிற சத்தமும் வேறு வேறு. எழுந்தவர்கள் எழமுடியாதவர்கள்மேல் விழுந்தார்கள். அவன் ஃபைலைத் தூக்கி மனைவியின் தலைக்குமேல் பிடித்தான். அட்டை ஃபைல். அதன்மேல் தடி விழுந்தது, பிறகு முழங்கையில். அந்தச் சத்தம் கடை வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. தாள்கள் தரையில் பரந்தன. அதில் ஒன்று அவன் பள்ளிச் சான்றிதழ். கூட்டம் போன பிறகு நான்தான் பொறுக்கினேன். சாலையில் கல் எதுவும் கிடக்கவில்லை. குடத்து ஓடுகள்தான் கிடந்தன. யாரும் எறியவும் இல்லை. எறிவதற்கு யாருக்கும் நேரம் இல்லை.

மத்தியானம் அவன் சான்றிதழைக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறவர், அன்றைக்கு இல்லை. கம்பவுண்டர் மூங்கில் தப்பை வைத்துக் கையைக் கட்டியிருந்தார். சீட்டில் ‘கீழே விழுந்து கை முறிவு’ என்று எழுதியிருந்தது.

“நான் உழலீங்களே,” என்றான் அவன்.

கம்பவுண்டர் குரலைத் தாழ்த்தினார். “அடிபட்டதுன்னு எழுதுனா போலீஸ் கேசுப்பா. ஸ்டேஷனுக்கு ஆளனுப்பிச் சொல்லோணும். அனுப்பட்டுமா?”

அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். கொஞ்ச நேரத்தில் ஊசி வேலை செய்து தூங்கிவிட்டான். வராந்தா முழுக்க அடிபட்ட பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவன் மனைவி என்னிடம் வந்தாள்.

“தம்பி, பேப்பர்ல நீங்கதான எழுதறது?”

“நான் எழுதறதில்லீங்கக்கா. கொண்டுபோய்ப் போடறவன்தான்.”

“எழுதத் தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அப்ப எழுதுங்க. இவரு மறியலுக்கு வரல. என்னக் கூப்பிட வந்தவரு, சும்மா நின்னவரு. கையி தடியில ஒடஞ்சுது. இந்தச் சீட்டுல கீழ உழுந்துட்டாருன்னு போட்டுக்குது. குடிச்சுப்போட்டு உழுந்தான்னு டிப்போ ஆபீசருகிட்ட யாராச்சும் சொன்னா என்னா பண்றது? அவரு பேப்பரு படிப்பாரில்ல?”

படிப்பார் என்று சொன்னேன். எனக்குத் தெரியாது. படிப்பார் என்றுதான் தோன்றியது. ஒரு பில் தாளின் முதுகில் எழுத ஆரம்பித்தேன். அவன் பெயரைக் கேட்டேன்.

அவள் வாய் திறக்கவில்லை. அந்தப் பக்கத்தில் புருஷன் பெயரைப் பெண்கள் சொல்வதில்லை. வேதத்தில் சேர்ந்தாலும் அது மாறவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தி, “அவ எப்பிடிச் சொல்லுவா? நான் சொல்றன், எழுதிக்க” என்றாள்.

“வேணாம்,” என்றாள் இவள். “நானே சொல்றன். தப்பாப் போயிட்டா வேற யாரோன்னு ஆயிரும்.”

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். அவன் பெயர், அப்பன் பெயர், ஊர். ஒவ்வொன்றாக, பாடம் ஒப்பிப்பது போல. சொல்லிவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்தாள். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அதுதான் முதல் தடவை என்று மற்றவள் சொன்னாள். அப்புறம் அவளும் தன் பெயரைப் போடச் சொன்னாள். “குடம் ஒடஞ்சதையும் போடுங்க. புதுக் குடம், சந்தையில எடுத்து எட்டு நாளு ஆவல.” இப்படிப் பன்னிரண்டு பெயர் சேர்ந்தது. நான் ஏஜெண்டிடம் கற்றபடி ஒவ்வொன்றுக்கும் அப்பன் பெயரோ புருஷன் பெயரோ, ஊர்ப் பெயரோடு எழுதினேன்.

கடைக்கு வந்தபோது ஏஜெண்டு ஸ்டேஷனிலிருந்து திரும்பி, செய்தியை எழுதி முடித்திருந்தார். படித்தேன். லேசான தடியடி இருந்தது. கல்வீச்சு இருந்தது. இரண்டு போலீசாருக்குக் காயம் இருந்தது.

“அண்ணா, நீங்களும்தான பாத்தீங்க?”

“பாத்தன்.”

“கல்லு எங்கண்ணா?”

அவர் பேனாவை மூடினார். “இதபாரு. நாம பாத்தது நாம பாத்தது. ரைட்டரு சொல்றதுதான் செய்தி. நாளைக்கு நான் கடையத் தொறக்கோணும். உனக்கென்ன, பஸ் ஏறிப் போயிருவ.”

அதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் கோபம் வந்தது.

கடைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு தாளில் நான் பார்த்ததை எழுதினேன். ஐந்து நிமிஷம் தரவில்லை என்பது, கல் இல்லை என்பது, அவன் எதற்கு வந்தான், ஃபைலை எங்கே பிடித்தான், கை எப்படி உடைந்தது எல்லாம். அடியில் பன்னிரண்டு பெயர்கள். அவன் பெயர் முதலில். தலைப்பு எதுவும் போடவில்லை, ஏஜெண்டு தாளில் தலைப்பு இருந்தது. கவரோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில், ஒரு சுவர் மறைவில் கவரைப் பிரித்தேன். தனியாக வைத்தால் என் தாள் நழுவிவிடுமோ என்று பயம். முள்ளை உருவி, ஏஜெண்டின் தாளுக்கு அடியில் என் தாளை வைத்து, இரண்டையும் சேர்த்துக் குத்தினேன். நன்றாக அழுத்திக் குத்தினேன். கட்டைவிரலில் முள் ஏறிக் கொஞ்சம் ரத்தம்கூட வந்தது. பஸ் வந்தது, கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு நல்ல பசி. நன்றாகச் சாப்பிட்டேன்.

காலையில் பண்டலை உடைத்து, பஸ் ஸ்டாண்டு விளக்கடியிலேயே தேடினேன். மூன்றாம் பக்கத்தில் இருந்தது. மேலே ஏஜெண்டின் செய்தி, எழுத்து மாறாமல். மறியல், எச்சரிக்கை, கல்வீச்சு, லேசான தடியடி. நான் எழுதியதில் ஒரு வரிகூட இல்லை. கடைசிப் பத்தி மட்டும் என்னுடையது. ‘மறியலிலும் கல்வீச்சிலும் ஈடுபட்டவர்கள் வருமாறு’ என்று தொடங்கி, பன்னிரண்டு பெயரும், அப்பன் பெயரோடு, ஊரோடு, ஒரு பிழை இல்லாமல். முதலில் அவன் பெயர். முடிவில், ‘மற்றும் பலர்.’

இரண்டு மூன்று தடவை படித்தேன். எத்தனை தடவை படித்தாலும் அப்படித்தான் இருந்தது.

சைக்கிளை எடுக்குமுன்பே அவன் மனைவி வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறாள்.

“வந்துக்குதா தம்பி?”

“வந்துக்குதுங்க.”

“பேரு?”

“பேரும் வந்துக்குதுங்க.”

அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் கொடுத்த பேப்பரைப் பிரிக்காமலே மாரோடு வைத்துக்கொண்டாள். “நல்லாருப்பீங்க” என்றாள். நான் சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே சொல்லியிருந்தால், அவனைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு அடுத்த பஸ்ஸில் எங்காவது போயிருப்பார்கள். வத்தல்மலைப் பக்கம் கூலிக்குப் போகிறவர்கள் அவர்கள் ஊரில் இருந்தார்கள், ஒரு மாதம் அங்கே கிடந்திருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது. அவள் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு ஸ்டேஷனுக்குப் பேப்பர் போடவில்லை. என்னால் முடிந்தது அவ்வளவுதான். எட்டு மணிக்கு ஒரு போலீஸ்காரர் கடைக்கு வந்தார்.

“ரைட்டர் கேட்டாரு. பேப்பரு எங்கடா?”

“பண்டல் கொறவா வந்துருச்சுங்க.”

“நீ குடுத்தாத்தானா?” என்று பக்கத்து முடிதிருத்தும் கடை பெஞ்சிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்.

முந்தின நாள் ஸ்டேஷனில் எழுதிய ரிப்போர்ட்டில், கல்லெறிந்தவர்கள் ‘பெயர் தெரியாத நாற்பது பேர்’ என்று இருந்ததாம். அப்படி எழுதி அப்படியே விட்டுவிடுவதுதான் வழக்கமாம். அறுபது பேரில் யாரைப் போய்ப் பிடிப்பது? கொஞ்ச நாளில் மறந்துபோயிருக்கும். இதையெல்லாம் ரைட்டரே ஏஜெண்டிடம் சொன்னார், நன்றி சொல்கிற மாதிரி. “உங்க ஆளு எங்க வேலைய மிச்சம் பண்ணிட்டான்யா. அப்பன் பேரு மொதக்கொண்டு எழுதிக்கறான்.” ஏஜெண்டு கடைக்கு வந்து என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஏதாவது பதில் சொல்ல இருந்திருக்கும்.

பதினொரு மணிக்கு வேன் ஆஸ்பத்திரிக்குப் போனது. கட்டுப்போட்ட கையோடு அவனை ஏற்றினார்கள். மற்ற பதினொரு பேரில் ஏழு பேர் கிடைத்தார்கள். குடம் உடைந்த பெண்ணும் அதில் ஒருத்தி. அவன் ஏறும்போது அந்தப் பேப்பரைக் கையில் வைத்திருந்தான் என்று கம்பவுண்டர் சொன்னார். அவன் படித்திருப்பான். அவனுக்குப் படிக்கத் தெரியும்.

மறுநாள் நான் சேலத்துக்குப் பஸ் ஏறினேன். பத்திரிகை ஆபீசில் ஒரு மேசையில் என் போன்ற ஊர்களிலிருந்து வந்த கவர்கள் குவிந்து கிடந்தன. அதற்குப் பின்னால் இருந்தவர் வெற்றிலை போட்டுக்கொண்டு, ஒன்றைப் பிரித்து, வெட்டி, அடுத்ததைப் பிரித்து, வெட்டிக்கொண்டிருந்தார். கண்களில் தூக்கமே இல்லை. விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசித்து ஞாபகப்படுத்தினார்.

“ஒரே முள்ளுல குத்தி வந்துதே, அதா? ரெண்டாவது பக்கம்னு நெனச்சேன். மேல் தாள்ல கல்வீச்சுன்னு இருக்கு, கீழ் தாள்ல கல்லே இல்லேன்னு இருக்கு. ரெண்டுல ஒண்ணுதான் வைக்க முடியும். போலீஸ் சொன்னதுக்கு ஸ்டேஷன் இருக்கு. நீ சொன்னதுக்கு யார் இருக்கா?”

“பேரு எதுக்குங்க வெச்சீங்க?”

“பேரை வெட்டினா உங்க ஏஜெண்டுங்கதான் சண்டைக்கு வராங்களே.”

அவர் கேலி செய்யவில்லை. உண்மையைச் சொன்னார். திருத்தம் போட முடியுமா என்று கேட்டேன்.

“மறுப்புன்னு போடலாம். சம்பந்தப்பட்டவர் கையெழுத்துப் போட்டுக் கேக்கணும். நாலு வரி வரும். ‘இன்னார் மகன் இன்னார், தாம் கல் எறியவில்லை என்று தெரிவித்துள்ளார்.’ பேர் இன்னொரு தடவை வரும். பரவாயில்லையா? கேட்டுச் சொல்லு.”

யாரிடம் கேட்பது? அவன் சப்ஜெயிலில் இருந்தான். கையெழுத்துப் போடுகிற கை தப்பைக்குள் இருந்தது. அவர் அடுத்த கவரைப் பிரித்தார். நான் வெளியே வந்தேன். படி இறங்கும்போது கீழே மிஷின் ஓடுகிற அதிர்வு காலில் தெரிந்தது.

ஒன்றாம் தேதி போனது. டிப்போவில் வேறு ஆள் சேர்ந்தான். பதினெட்டு நாள் கழித்து இவன் ஜாமீனில் வந்தான். கை வளைந்தே கூடியிருந்தது. கோர்ட்டில் நான் சாட்சி சொல்கிறேன் என்று அவன் வக்கீலிடம் போனேன். அவர் கேட்டார்: “பேப்பர்ல வந்த பேரெல்லாம் நீதான எழுதினது? குறுக்கு விசாரணையில அத மட்டும்தான் கேப்பாங்க. நீ வராம இருந்தா அதுவே உபகாரம்.” அந்த மூன்றாம் பக்கம் வெட்டி ஒட்டப்பட்டு கேஸ் கட்டில் இருந்தது. நான் பார்த்தேன். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு.

இரண்டு மாதத்தில் ஊரை விட்டுப் போனேன். ஏஜெண்டு சொன்னதுதான் நடந்தது, பஸ் ஏறிப் போனேன். மறுபடி பெங்களூர், மறுபடி லாரி. பிறகும் எத்தனையோ ஊர்களில் தடியடிச் செய்திகளைப் படித்தேன். அடியில் பெயர்ப் பட்டியல் இருந்தால், ஒவ்வொரு பெயரையும் யார் சொல்லியிருப்பார்கள், எந்தச் சுவரைப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள் என்று யோசிப்பேன். யோசிப்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. இருந்தாலும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

எழுபதுகளின் கடைசியில், பாப்பிரெட்டிப்பட்டியில் புளி ஏற்ற ஒரு லாரியோடு போயிருந்தேன். மண்டிக்குள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் அவள் இருந்தாள். நான் திரும்பிவிட நினைத்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

“பேப்பர்கார தம்பி இல்ல?”

“ஆமாங்கக்கா. நல்லா இருக்கீங்களா?”

“இருக்கறங்க. வூடு இப்ப இங்கதான்.” கை நிற்கவில்லை. சுத்தியால் தட்டிக்கொண்டே பேசினாள். “கேசு தள்ளுபடி ஆயிருச்சு, போன வருசம். அஞ்சு வருசம் வாய்தாவுக்கு நடந்தோம். சாட்சி சரியில்லன்னு ஜட்ஜி சொல்லிட்டாரு. அப்பறம் தாளு குடுத்தாங்க, கேசு ஒண்ணுமில்லன்னு.”

“டிப்போ வேலை?”

“வயசு தாண்டிப்போச்சுங்களாம்.”

“அவரு?”

“மூட்ட தூக்க முடியாது. தெராசுகிட்ட நிக்கறாரு, அந்தாண்ட.”

போர் போட்டார்களா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

“போட்டாங்க, மறு வருசமே. முந்நூறு அடி போச்சு. வெறும் பொகைதான் வந்துச்சு.” பக்கத்துப் பெண்கள் எதற்கோ சிரித்தார்கள். அவளும் லேசாகச் சிரித்தாள். பிறகு தட்டுவதை நிறுத்தினாள்.

“தம்பி, உங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க நல்லதுக்குத்தான் எழுதுனீங்க. அன்னிக்கி ஆஸ்பத்திரியில பக்கத்துல இருந்தவ தான் சொல்றன்னு சொன்னா, நான் அவளயே சொல்ல உட்டிருக்கலாம். என் வாயால அவரு பேர ஒரே ஒரு வாட்டிதான் சொன்னன்.”

அவள் அடுத்த பழத்தை எடுத்துக் கல்லின்மேல் வைத்துவிட்டாள். தராசுப் பக்கம் போய் அவனைப் பார்க்கவேண்டும் என்று இருந்தது. லாரிக்காரர் ஹாரன் அடித்தார். போய் ஏறிக்கொண்டேன்.